பைத்துல் முகத்தஸின் நகரசபைத் தேர்தலும் மேயர் நாற்காலியும்

பைத்துல் முகத்தஸ் வெற்றி கொள்ளப்பட்ட வரலாற்றைப் படிப்போர் அனைவரும் ஒரு மரபுச் செய்தியைக் கடந்தே செல்வர். நகருள் நுழைந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள், பாழ்பட்டுக் குப்பைமேடாகிக் கிடந்த புனித வளாகத்தைக் கண்டு, தம் மேலாடையிலேயே குப்பையை அள்ளி அகற்றத் தொடங்கினார்கள் என்பதே அச்செய்தி. ஒரு நகரை ஆள்வோரின் முதற் கடமை அதனைத் துப்புரவு செய்வதே எனும் பாடம் அதில் பொதிந்துள்ளது. ஆயினும் அப்புனித நகரின் வரலாறு நம் மொழியில் எழுதப்படும்போது படையெடுப்புகளும் முற்றுகைகளும் பக்கங்களை நிரப்புகின்றன. தெருவைக் கூட்டியவர் யார், தண்ணீர் வழங்கியவர் யார், அதற்காக வரி விதித்தவர் யார், அவரைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்ற வினாக்கள் எழுவதேயில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரின் தலைவிதி முடிவானதில், போர்க்களத்திற்கு இருந்த பங்கிற்குச் சற்றும் குறையாத பங்கு நகரசபை மண்டபத்திற்கும் இருந்தது. 1934ஆம் ஆண்டுத் தேர்தலையும், அதன் விளைவாக 1945இல் அச்சபை கலைந்துபோன வரலாற்றையும் இக்கட்டுரையில் நோக்குவோம்.

அந்நகருக்கு நகரசபை என்பது ஆங்கிலேயர் கொணர்ந்த கொடை எனக் கருதுவோர் உளர். அது பிழை. உஸ்மானிய ஆட்சியில் இஸ்தான்பூலுக்குப் பின் நகரசபை கண்ட தொடக்க கால நகரங்களுள் ஜெரூசலமும் ஒன்று. 1860களிலேயே அது அங்கு உருப்பெற்றுவிட்டது. 1877இன் நகரசபைச் சட்டம் அதற்கு முறையான வடிவம் தந்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் அதில் உறுப்பினராக அமர்ந்தனர். தலைமைப் பதவி மட்டும் நகரின் பழம்பெரும் முஸ்லிம் குடும்பங்களான காலிதி, ஹுசைனி, அலமி முதலியவற்றின் வட்டத்தைவிட்டு வெளியே செல்லவில்லை. அவர்களுள் தலைசிறந்தவராக யூசுஃப் ளியா அல்காலிதியைக் கூறலாம். 1870களில் நகரத் தலைவராக இருந்து, பின்னர் முதல் உஸ்மானியப் பாராளுமன்றத்தில் அமர்ந்தவர் அவர். 1899இல் அவர் பிரான்ஸின் தலைமை ரப்பிக்கு எழுதிய கடிதம் தியோடர் ஹெர்ஸலின் கைக்குச் சென்றது. ஃபலஸ்தீனில் மக்கள் வாழ்கின்றனர், அதனை விட்டுவிடுங்கள் என்பதே அக்கடிதத்தின் சாரம். முன்னாள் நகரத் தலைவர் ஒருவரே இதனை முதலில் கூறியது தற்செயலன்று. வீடுகளையும் வரியேடுகளையும் கண்டறிந்தவருக்கு, நாடு வெறுமையாகக் கிடக்கவில்லை என்பது தெரிந்திருக்குமன்றோ!

1917 டிசம்பர் 9ஆம் நாள் துருக்கியப் படை விலகிச் சென்றபின், வெள்ளைத் துணி ஒன்றை ஏந்தியவராய் நகரை ஒப்படைக்கப் புறப்பட்டவரும் நகரத் தலைவரே. ஹுசைன் ஸலீம் அல்ஹுசைனி எனும் அவர், முதலில் எதிர்ப்பட்ட இரு ஆங்கிலேயப் படைவீரர்களிடம் சரணடைவை ஏற்குமாறு கேட்டதும், அவர்கள் அப்பொறுப்பை ஏற்க மறுத்ததும், அதன்பின் ஒவ்வொரு தளபதிக்காகவும் அச்சடங்கு மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததும் நகைப்புக்கிடமான செய்திகளாகவே எழுதப்படுவதுண்டு. அடுத்த சில வாரங்களில் அவர் காலமானார். அவருடைய சகோதரர் மூஸா காஸிம் அல்ஹுசைனி அப்பதவிக்கு வந்தார்.

ஆங்கிலேயரின் போக்கு இங்கிருந்துதான் தெளிவாகிறது. நகர ஆளுநராக இருந்த ரொனால்டு ஸ்டோர்ஸ், அரசியலா நகரத் தலைமையா என்பதில் ஒன்றைத் தெரிவு செய்யுமாறு மூஸா காஸிமிடம் கூறினார். பால்ஃபர் பிரகடனத்தை எதிர்ப்பதே அவர் குறித்த 'அரசியல்'. 1920 ஏப்ரலில் நபி மூஸா விழாவின்போது கலவரம் மூண்டது. மூஸா காஸிம் நீக்கப்பட்டார். அந்நாற்காலியில் உடனே அமர ஒப்புக்கொண்டவர் ராகிப் அந்நஷாஷிபி. பொறியியல் பயின்று, நகரின் பொறியாளராகப் பணியாற்றி, 1914இல் உஸ்மானியப் பாராளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். தகுதியில் குறை கூற இயலாது. ஆனால் பதவி நீக்கப்பட்ட ஒருவரின் நாற்காலியை நீக்கியவரின் கையிலிருந்து பெற்றுக்கொண்டது, ஹுசைனி குடும்பத்துக்கும் நஷாஷிபி குடும்பத்துக்கும் இடையே ஆறாத புண்ணாயிற்று. ஓராண்டுக்குப் பின் 1921இல் ஹாஜி அமீன் அல்ஹுசைனி முஃப்தி ஆனார். 1922இல் உயர் முஸ்லிம் சபையின் தலைமையும் அவரிடம் வந்தது. வக்ஃப் சொத்துகளும் ஷரீஅத் நீதிமன்றங்களும் ஒரு குடும்பத்தின் கையில், நகரசபை மற்றொரு குடும்பத்தின் கையில் என்ற பங்கீடு ஆட்சியாளர்க்கு எத்துணை வசதியாக இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இப்பகை நம் நாட்டு முஸ்லிம்களையும் தொட்டது. 1931 ஜனவரியில் மௌலானா முஹம்மது அலி ஹரம் ஷரீஃபின் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டு டிசம்பரில் ஹாஜி அமீன் கூட்டிய உலக இஸ்லாமிய மாநாட்டுக்கு மௌலானா ஷௌகத் அலியும் அல்லாமா இக்பாலும் சென்றனர். நகரத் தலைவரான ராகிப் அம்மாநாட்டை எதிர்த்தார். அவருடைய அணியினர் கிங் டேவிட் ஹோட்டலில் எதிர்க் கூட்டம் ஒன்றை நடத்தினர். உம்மத்தின் ஒற்றுமை பற்றிப் பேசத் தொலைதூரத்திலிருந்து வந்தோர், வந்த இடத்திலேயே பிளவைக் கண்டனர்.

ஆணையாட்சியின் கீழ் நடந்த முதல் நகரசபைத் தேர்தல் 1927இல் வந்தது. முந்தைய ஆண்டில் இயற்றப்பட்ட வாக்குரிமைச் சட்டத்தின்படி, ஃபலஸ்தீன் குடியுரிமை பெற்று நகரவரி செலுத்திய 25 வயது நிறைந்த ஆண்களே வாக்காளர். பன்னிரண்டு இடங்களில் ஐந்து முஸ்லிம்களுக்கும், நான்கு யூதர்களுக்கும், மூன்று கிறிஸ்தவர்களுக்கும் என ஒதுக்கப்பட்டன. அத்தேர்தலில் ராகிபின் அணி ஹுசைனி அணியைத் தோற்கடித்தது. யூத வாக்காளரின் ஆதரவு அவ்வெற்றிக்கு உறுதுணையாயிற்று. இதனை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏழாண்டுகளுக்குப் பின் அதே வாக்குகள் எதிர்த்திசையில் விழுந்தபோது ராகிபின் தரப்பினர் முறையிட்டதன் பொருளை அப்போதுதான் எடைபோட இயலும்.

இவ்விடத்தில் மக்கள்தொகையைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. 1922ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரில் 62,578 பேர் இருந்தனர். அவர்களுள் யூதர் 33,971, கிறிஸ்தவர் 14,699, முஸ்லிம்கள் 13,413. 1931இல் மொத்தம் 90,503 ஆகியது. யூதர் 51,222, முஸ்லிம்கள் 19,894, கிறிஸ்தவர் 19,335. எண்ணிக்கை இவ்வாறிருக்க, தலைமை எப்படி முஸ்லிம்களிடம் இருந்தது என வாசகர் வினவலாம். இதற்குக் காரணங்கள் பல. யூதர்களுள் பெருந்தொகையினர் அண்மையில் குடியேறியோர். அவர்களுட் பலர் பழைய நாட்டின் குடியுரிமையை விடாது வைத்திருந்ததால் வாக்குரிமை பெறவில்லை. இரண்டாவது காரணம் நகர எல்லை. மேற்கே தொலைவில் எழுந்த யூதக் குடியிருப்புகள் எல்லைக்குள் வந்தன. பழைய நகரின் மதிலை ஒட்டிக் கிடக்கும் ஸில்வான் முதலிய அரபுக் கிராமங்களோ எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டன. ஆகவே 'நகரின் மக்கள்தொகை' என்று சொல்லப்படுவதே எல்லைக்கோட்டை வரைந்த கையைப் பொறுத்தது. மூன்றாவது காரணம் மரபு. முஸ்லிம் தலைவர், அவருக்குக் கீழே ஒரு கிறிஸ்தவத் துணைத்தலைவர், ஒரு யூதத் துணைத்தலைவர் என்ற அமைப்பை ஆங்கிலேயரும் பேணி வந்தனர். எண்ணிக்கையை நியாயமாகக் காட்டிய யூதர் தரப்பும், குடியுரிமையையும் மரபையும் நியாயமாகக் காட்டிய அரபுத் தரப்பும் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருந்தன. இரு வாதங்களையும் நிறுக்கும் தராசு மூன்றாமவர் கையில் இருந்தது.

1934இல் நகராண்மைக் கழகச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டது. இதன்படி ஜெரூசலம் பன்னிரண்டு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. யூதர்களுக்கு ஆறு இடங்களும் அரபுகளுக்கு ஆறு இடங்களும் அமைந்தன. அரபுகளின் ஆறில் நான்கு முஸ்லிம்களுக்கும் இரண்டு கிறிஸ்தவர்களுக்கும் உரியவை. 1927உடன் ஒப்பிட்டால் அரபுகளின் எண்ணிக்கை எட்டிலிருந்து ஆறாகக் குறைந்திருப்பது புலனாகும். அன்றியும், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுள் தலைவரையும் துணைத்தலைவர்களையும் நியமிக்கும் உரிமை உயர் ஆணையரிடமே வைக்கப்பட்டது. மக்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கலாம், தலைவரைத் தேர்ந்தெடுக்க இயலாது என்பதே இதன் பொருள்.

ஆயினும் இத்தேர்தலில் மக்கள் காட்டிய ஆர்வம் வியப்புக்குரியதன்று. ஆணையாட்சிக் காலம் முழுவதும் ஃபலஸ்தீனில் நாடாளுமன்றம் எதுவும் கூடவில்லை. 1923இல் சட்டசபைக்கென நடத்தப்பட்ட தேர்தலை அரபுகள் புறக்கணித்ததால் அது கைவிடப்பட்டது. சட்டசபை ஒன்றை மீண்டும் அமைக்க எண்ணிய உயர் ஆணையர் ஸர் ஆர்தர் வாக்கோப், நகரசபைத் தேர்தல்கள் முதலில் நடந்தேறட்டும் என்றார். தேர்தல்கள் நடந்தன. அதன்பின் 1935 டிசம்பரில் அவர் வெளியிட்ட சட்டசபைத் திட்டம், 1936இன் தொடக்கத்தில் லண்டன் பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் கடும் எதிர்ப்புக்குள்ளாகி மறைந்தது. எனவே அந்நாட்டு அரபு ஒருவர் தம் கையால் வாக்குச்சீட்டு இட வாய்த்த ஒரே இடம் நகரசபையாகவே இருந்தது. குப்பை வண்டிக்கும் தெருவிளக்குக்குமான தேர்தல், நாட்டின் எதிர்காலத்துக்கான தேர்தலாக மாறியது இதனால்தான்.

தெருவிளக்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1914இல் உஸ்மானிய ஆட்சியில் ஜெரூசலத்தின் மின்சாரம், டிராம், குடிநீர் ஆகியவற்றுக்கான உரிமம் மவ்ரொமாட்டிஸ் எனும் கிரேக்கருக்கு வழங்கப்பட்டிருந்தது. ஆணையாட்சி வந்தபின் அவ்வுரிமம் செல்லுமா என்ற வழக்கு ஹேக் நகரின் நிரந்தர சர்வதேச நீதிமன்றம் வரை சென்று, 1925இல் செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. ஒரு நகரத்தின் விளக்குக் கம்பத்துக்காக உலக நீதிமன்றம் கூடிய வரலாறு வேறெங்கும் உண்டோ என நாம் அறியோம். குடிநீரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மழைநீர்த் தொட்டிகளை நம்பியே மக்கள் வாழ்ந்தனர். சமவெளியிலுள்ள ரஃஸுல் ஐன் ஊற்றிலிருந்து மலைமேல் குழாய் வழியே தண்ணீர் ஏற்றும் திட்டம் 1930களின் நடுவிலேயே நிறைவேறியது.

தேர்தலுக்கு வருவோம். பதினான்கு ஆண்டுகள் தலைமையில் இருந்த ராகிபை எதிர்த்து, அவருடைய வட்டாரத்திலேயே நின்றவர் மருத்துவர் ஹுசைன் ஃபக்ரி அல்காலிதி. சுகாதாரத் துறையில் பணிபுரிந்த அவர் ஏழை எளியோரும் அறிந்த மருத்துவர். கல்விக்குப் பெயர் பெற்ற அவருடைய குடும்பமே பாபுஸ் ஸில்ஸிலா தெருவில் 1900இல் காலிதிய்யா நூலகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. ஹுசைனி, நஷாஷிபி ஆகிய இரு அணிகளுக்கும் வெளியே நின்ற குடும்பம் என்ற நற்பெயரும் அதற்கு உண்டு. ஹாஜி அமீனின் அணி தம்முள் ஒருவரை நிறுத்தாமல் காலிதியை ஆதரித்தது. இது நுட்பமான கணக்கு. ஹுசைனி ஒருவர் நின்றிருப்பின் அவருக்கு யூத வாக்கு ஒன்றேனும் விழுந்திராது. காலிதிக்கோ அத்தடை இல்லை. 1927இல் தாம் தந்த ஆதரவுக்கு ராகிப் உரிய பயன் தரவில்லை என்ற மனக்குறை யூதத் தலைவர்களிடம் இருந்தது. அவர்களுடைய வாக்காளர் இம்முறை காலிதியின் பக்கம் சாய்ந்தனர்.

1934 செப்டம்பர் இறுதியில் வாக்குப்பதிவு நடந்தது. ராகிப் தோற்றார். நாப்லுஸில் ஸுலைமான் தூக்கான் போன்ற அவருடைய நேசர்கள் நிலைத்திருக்க, அணித்தலைவர் மட்டும் தம் சொந்த நகரில் வீழ்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் தேசியப் பாதுகாப்புக் கட்சியைத் தோற்றுவித்தார். நகரசபையை இழந்தவர் கட்சியைக் கண்டார் எனலாம். அடுத்த ஆண்டில் ஹுசைனி அணியின் அரபுக் கட்சியும், காலிதியின் சீர்திருத்தக் கட்சியும் தோன்றின. ஃபலஸ்தீனின் அரசியல் கட்சிகள் பல ஒரு நகரசபைத் தேர்தலின் புழுதியிலிருந்து எழுந்தன என்பதை வரலாற்றாசிரியர் சிலர் போதிய அளவு அழுத்திக் கூறுவதில்லை.

இங்கு நம் கருத்தை மறைக்காது கூறுதல் நலம். யூத வாக்கால் வென்றவர் என்று 1934இல் காலிதியைப் பழித்தோர், 1927இல் ராகிபும் அவ்வாறே வென்றார் என்பதை மறந்தனர். ராகிபை அன்று பழித்த ஹுசைனி அணி, 1934இல் அதே வாக்கின் பயனை மௌனமாக ஏற்றுக்கொண்டது. கொள்கையைக் காட்டிலும் குடும்பம் முந்தி நின்றது. ஒரு நகரில் கலந்து வாழும் மக்கள் மாற்றாரின் வாக்கை நாடுவதில் இழுக்கில்லை. உஸ்மானியர் கால நகரசபை அத்தகைய கலப்பில்தான் இயங்கியது. ஆனால் அவ்வாறு நாடுவதைத் தமக்கு அரசியலென்றும் பிறர்க்குத் துரோகமென்றும் கொள்வது நேர்மையன்று. அந்த ஏழாண்டுகளில் அரபுக் குடும்பங்கள் ஒன்றையொன்று வீழ்த்துவதில் செலவிட்ட ஆற்றலை, நகர எல்லையைத் திருத்தி வரைவதிலோ தம்மவரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதிலோ செலவிட்டிருப்பின், எட்டு இடங்கள் ஆறாகச் சுருங்கியதற்கு வலுவான எதிர்ப்பேனும் எழுந்திருக்கும்.

1935இன் தொடக்கத்தில் வாக்கோப் காலிதியை மேயராக நியமித்தார். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவரான யஅகூப் ஃபர்ராஜும், வியன்னாவில் சட்டம் பயின்ற யூதர் டேனியல் ஆஸ்டரும் துணை மேயர்கள். சபை கூடியது. அறிவிப்புகள் எம்மொழியில், வேலையில் எவருக்கு எத்தனை இடம், எத்தெருவுக்குத் தார் என்ற பூசல்கள் நாள்தோறும் நிகழ்ந்தன. ஆயினும் சபை இயங்கியது.

1936 ஏப்ரலில் பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. அதனை நடத்திய அரபு உயர்குழுவில் மேயர் காலிதியும் துணை மேயர் ஃபர்ராஜும் உறுப்பினராயினர். தோற்ற ராகிபும் அதே குழுவில் அமர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. அரசியலா நகரத் தலைமையா என 1920இல் மூஸா காஸிமிடம் கேட்கப்பட்ட அதே வினா, இப்போது காலிதியின் முன் வந்து நின்றது. விடையும் வேறன்று. 1937 செப்டம்பர் 26ஆம் நாள் நாஸரத்தில் மாவட்ட ஆணையர் லூயிஸ் ஆண்ட்ரூஸ் கொல்லப்பட்டார். அக்டோபர் முதல் நாளில் அரபு உயர்குழு தடைசெய்யப்பட்டது. தேர்தலில் வென்று அரசாலேயே நியமிக்கப்பட்ட மேயர், விசாரணை ஏதுமின்றிக் கைதாகி, வேறு நால்வருடன் இந்துமாக்கடலிலுள்ள ஸெய்ஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். எகிப்தின் ஸஅத் ஸக்லூலை அனுப்பிவைத்து ஆங்கிலேயர் முன்னரே பழகிய தீவு அது. ஹாஜி அமீன் ஹரம் ஷரீஃபில் தஞ்சம் புகுந்து, பின் இரகசியமாக லெபனானுக்குச் சென்றார். இவ்வாறு நகரின் இரு முஸ்லிம் நாற்காலிகளும் ஒரே மாதத்தில் வெறுமையாயின.

காலிதி தீவில் நாட்குறிப்பு எழுதினார். 1938 டிசம்பரில் விடுதலை கிடைத்தது. 1939இன் லண்டன் மாநாட்டில் பங்கேற்றார். தம் நகருக்குத் திரும்ப அவருக்கு 1943 வரை ஆயிற்று. மேயர் பதவி அவருக்குத் திரும்பவேயில்லை.

அவருடைய இடத்தில் டேனியல் ஆஸ்டர் பொறுப்பு மேயராகச் சில காலம் செயலாற்றினார். அந்நகரின் நகரசபைத் தலைமையில் ஒரு யூதர் அமர்ந்தது அதுவே முதன்முறை. 1938இல் அரசு அதே குடும்பத்தைச் சேர்ந்த முஸ்தஃபா அல்காலிதியை மேயராக நியமித்து மரபை மீட்டது. கலகமும் பின்னர் உலகப் போரும் காரணமாகக் காட்டப்பட்டு, ஐந்தாண்டு நிறைந்தும் அடுத்த தேர்தல் ஒத்திவைக்கப்பட்டுக் கொண்டே சென்றது. 1934இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே நீட்டிக்கப்பட்டது. ஒன்றுபட்ட ஜெரூசலம் அதன்பின் தன் மூன்று சமயத்தாரும் முழுமையாகப் பங்கேற்ற நகரசபைத் தேர்தல் ஒன்றைக் கண்டதேயில்லை.

1944 ஆகஸ்டில் முஸ்தஃபா அல்காலிதி காலமானார். ஆஸ்டர் மீண்டும் பொறுப்பேற்றார். அடுத்த மேயர் யார்? 1920இலோ 1937இலோ எழுந்திராத வேகத்தில் இவ்வினா எழுந்தது. அக்காலத்து மதிப்பீட்டின்படி நகரின் மக்கள்தொகை 157,080. அதில் யூதர் 97,000, முஸ்லிம்கள் 30,630, கிறிஸ்தவர் 29,350. பெரும்பான்மையோரும் பெரும்பகுதி வரி செலுத்துவோரும் தாமே, ஆதலின் மேயர் பதவி தமக்கே உரியது என யூதர் கோரினர். குடியேற்றத்தால் பெருகிய எண்ணிக்கையைக் காட்டி ஒரு நகரின் தலைமையைக் கேட்பது, நாட்டையே கேட்பதன் முன்னோட்டம் என அரபுகள் கண்டனர். அவர்கள் கண்டது தவறன்று.

1945 மார்ச்சில் உயர் ஆணையர் லார்ட் கோர்ட் ஒரு திட்டத்தை முன்வைத்தார். முஸ்லிம், கிறிஸ்தவர், யூதர் என மூவரும் முறைவைத்து மேயர் பதவி வகிக்க வேண்டும் என்பதே அத்திட்டம். அரபுகள் இதனை முற்றாக மறுத்துக் கடையடைப்பு நடத்தினர். யூதத் தரப்பிலும் முழு மனநிறைவு இல்லை. மூன்று முறைகளில் இரண்டு அரபுகளுக்கே, அதாவது ஒரு முஸ்லிமுக்கும் ஓர் அரபுக் கிறிஸ்தவருக்கும் வந்திருக்கும் என்பதை அன்று எண்ணிப் பார்த்தோர் சிலரே. கிறிஸ்தவர்க்கு ஒரு முறை தருவதை முஸ்லிம் மரபின் இழப்பாகக் கருதாது, அரபுகளின் பொது உரிமையாகக் கருதியிருக்கலாகாதா? யஅகூப் ஃபர்ராஜ் போன்றோர் தேசிய இயக்கத்தின் முன்வரிசையில் நின்ற நகரமல்லவா அது! மறுபுறம், மறுத்தோரின் நியாயத்தையும் நாம் தள்ளிவிட இயலாது. நியமிப்பவரும் நீக்குபவரும் நாடுகடத்துபவரும் ஒருவரேயாக இருக்கையில், அவர் வழங்கும் முறைவைப்பு எத்தனை ஆண்டு நிலைக்கும் என்ற ஐயம் எழுந்தது இயல்பே. தேர்ந்தெடுக்கப்பட்ட மேயரைத் தீவுக்கு அனுப்பியவரின் சொல்லை நம்புமாறு கேட்கப்பட்ட மக்கள் அவர்கள். எனினும் விளைவைக் கொண்டு நோக்கின், அம்மறுப்பால் நகரின் அரபுகள் பெற்றது ஒன்றுமில்லை என்றே நாம் கருதுகிறோம்.

அரபு உறுப்பினர்கள் கூட்டங்களுக்கு வருவதை நிறுத்தினர். சபை முடங்கியது. 1945 ஜூலையில் அரசு அதனை அகற்றி ஆங்கிலேய அதிகாரிகளின் ஆணையம் ஒன்றை அமர்த்தியது. உள்ளூரார் எவரும் அதில் இல்லை. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வளர்ந்து வந்த ஒரு நிறுவனம் ஓர் அரசாணையில் முடிவுற்றது.

தீர்வு காணுமாறு பணிக்கப்பட்ட தலைமை நீதிபதி ஸர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் அவ்வாண்டு ஆகஸ்டில் அறிக்கை அளித்தார். லண்டன் மாநகரின் அமைப்பை ஒத்து, யூதப் பேட்டை ஒன்று, அரபுப் பேட்டை ஒன்று என நகரை இரண்டாக்கி, அவற்றுக்கு மேலே இரு தரப்பாரும் சம எண்ணிக்கையில் அமரும் பொதுக்குழு ஒன்றை வைக்கலாம் என்பது அவருடைய பரிந்துரை. அது நிறைவேறவில்லை. ஆயினும் ஜெரூசலத்தைப் பிரிக்கும் கோடு முதன்முதலாக ஒரு நிர்வாக ஆவணத்தில் இடம்பெற்றது இந்த அறிக்கையால்தான் எனலாம். 1947 நவம்பர் 29ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை நகரைச் சர்வதேச ஆட்சியின் கீழ் வைக்கத் தீர்மானித்தது. அதுவும் ஏட்டளவில் நின்றது.

ஆணையத்தின் இறுதித் தலைவர் ரிச்சர்ட் கிரேவ்ஸ் 1948இல் நகரைவிட்டுச் சென்று, அடுத்த ஆண்டு தம் நாட்குறிப்பை நூலாக வெளியிட்டார். மேற்குப் பகுதியில் டேனியல் ஆஸ்டர் இஸ்ரேலின் கீழ் மேயரானார். கிழக்கில் ஜோர்தானின் கீழ் அன்வர் அல்கதீப், பின்னர் வரலாற்றாசிரியர் ஆரிஃப் அல்ஆரிஃப் ஆகியோர் பதவி வகித்தனர். ராகிப் அந்நஷாஷிபி ஜோர்தானின் அமைச்சராகி 1951இல் இறந்தார். ஹுசைன் காலிதி 1957 ஏப்ரலில் ஜோர்தானின் பிரதமராகி, பத்து நாட்களுக்குள் பதவி விலக நேர்ந்தது. அவருடைய நினைவுக் குறிப்புகள் 2014இல்தான் அம்மானில் நூலாக வந்தன. கிழக்கு நகரசபையின் கடைசி அரபு மேயரான ரூஹி அல்கதீபின் சபையை 1967 ஜூன் இறுதியில் இஸ்ரேலியப் படை கலைத்தது. அடுத்த ஆண்டு அவரும் நாடுகடத்தப்பட்டார். மூஸா காஸிம், ஹுசைன் காலிதி ஆகியோருக்குப் பின் பதவியைப் பறிகொடுத்த மூன்றாவது மேயர் அவர்.

ஆணையாட்சிக் காலத்தில் யாஃபா சாலையின் முனையில், பழைய நகரின் மதிலுக்கு எதிரே நகரசபைக்கென ஒரு கட்டடம் எழுப்பப்பட்டது. காலிதியும் ஃபர்ராஜும் ஆஸ்டரும் கூடியமர்ந்த சபையின் இல்லம் அது. 1949இல் போர்நிறுத்தக் கோடு வரையப்பட்டபோது அக்கோடு அக்கட்டடத்தை ஒட்டியே சென்றது. பத்தொன்பது ஆண்டுகள் அது எல்லைச் சுவர் போல நின்றது. அதன் முகப்புக் கற்களில் துப்பாக்கிக் குண்டுகள் பதித்த குழிகள் விழுந்தன.